சத்தியக்கடதாசி

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்கு வரும் இரண்டரை மணி பஸ் அன்று மூன்றே காலுக்குத்தான் வந்தது. மார்கழி மழை விட்டிருந்தது. மூடுபனி விடவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியவர் ஒரே ஒருவர். கழுத்தில் கம்பளி மப்ளர், கையில் கூடலூர் ஜவுளிக்கடைப் பை. அவர் யாரிடமும் வழி கேட்கவில்லை என்று பஸ் நிற்கும் இடத்துக் கடைக்காரர் பிறகு சொன்னார். கோயிலைக் கடந்து, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பின்னால் போகும் குறுக்குப்பாதையில் இறங்கி, வரிசை வீடுகளான கீழ் லயத்தில் நாலாவது காம்பராவுக்கு நேரே வந்துவிட்டார்.

இராக்கம்மா வாசலில் குந்தியிருந்து மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். வந்தவர் அவளுக்கு நாலடி முன்னால் நின்றார். தரையைக் குனிந்து பார்த்தார். பிறகு பையை மார்போடு அணைத்துக்கொண்டு, வலது காலை உயரத் தூக்கி, ஒரு சின்னப் பையனைப்போல எதையோ தாண்டிக் குதித்து இந்தப் பக்கம் வந்தார்.

அங்கே தாண்டுவதற்கு எதுவும் இல்லை. வெறும் சிமெண்டுத் தரை.

ஒரு காலத்தில் அந்த இடத்தில் கான் இருந்தது. லயத்தின் நீளத்துக்கும் அழுக்குத் தண்ணீர் ஓடிய ஆழமான கான். அதை மூடி இருபது வருடத்துக்கு மேலாகிறது. கொழும்பில் கடையில் நிற்கும் அவளுடைய மகன் தினேசுக்கே அது சரியாக ஞாபகம் இல்லை.

"அக்கா, நான் கந்தப்பன்."

இராக்கம்மா கையிலிருந்த கிழங்கை உரித்து முடித்துத் தண்ணீரில் போட்டாள். அப்புறம்தான் நிமிர்ந்தாள்.

"கால் கழுவிட்டு வாங்க," என்றாள்.

பீலியில் தண்ணீர் பெருவிரல் தடிமனுக்கு விழுந்துகொண்டிருந்தது. அவர் கால்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு நின்றார். இராக்கம்மா வாசலிலிருந்தே பார்த்தாள். அவளுடைய தம்பி கந்தப்பனுக்கு மூன்று வயதில் இடது காலில் கொதிதண்ணீர் கொட்டியது. முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தோல் சுருங்கி, கிழங்குப் பட்டை மாதிரி ஆகிவிட்டது. இந்த மனிதரின் இரண்டு கால்களும் வழவழவென்று இருந்தன.

கால் கழுவியவர் பீலிக்குப் பின்னால் இருந்த கல்லிடுக்கில் கையை விட்டுத் துழாவினார்.

"என்னா தேடுறீங்க?"

"ஒண்ணுமில்லக்கா. ஒரு தகர டப்பி. போளை போட்டு வச்சிருந்தது."

இராக்கம்மா கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். அந்த டப்பியை அவள்தான் எடுத்து வைத்திருந்தாள். ஏழு போளை, தம்பி விளையாடிய கண்ணாடிக் கோலிகள். அது அங்கே இருந்தது அவளுக்கும் தம்பிக்கும் மட்டும்தான் தெரியும்.

தம்பி செத்து ஐம்பது வருடமாகிறது.

*

எந்த நாட்டுப் பிரசையாகவும் இல்லாத தோட்டத்து ஆட்களை இரண்டு அரசாங்கமும் பங்கு போட்ட காலம் அது. ஒரே வீட்டுக்குள் சிலருக்கு இந்தியா கிடைக்கும், சிலருக்கு சிலோன் கிடைக்கும். இராக்கம்மா பதினெட்டு வயதில் கலியாணம் முடித்துப் புருசன் வீட்டுப் பிரசாவுரிமை மனுவில் சேர்ந்துவிட்டதால் சிலோன் ஆனாள். அப்பா முத்தையாவுக்கும் அம்மா வீராயிக்கும் எட்டு வயதுத் தம்பிக்கும் இந்தியா வந்தது. எழுபத்தாறாம் வருடம் தைப்பொங்கல் முடிந்த கையோடு போனார்கள். கப்பலிலிருந்து இறங்கி மண்டபம் கேம்பில் இருந்தபோது அப்பா யாரையோ பிடித்து எழுதிப்போட்ட நீலத்தாள் கடிதம் மாசியில் வந்தது. தம்பி காய்ச்சலில் தவறிவிட்டான் என்று ஒரு வரி. இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று இன்னொரு வரி.

ஏன் சொல்லக்கூடாது என்று அவளுக்கு விளங்கவே இல்லை. ஆனாலும் சொல்லவில்லை. புருசன் சாகும்வரை அவரிடமும் சொல்லவில்லை. எண்பத்திமூன்றுக்குப் பிறகு கடிதங்களும் நின்றுபோயின. ஒவ்வொரு தை அமாவாசைக்கும் மூன்று இலை போட்டுப் படைத்தாள். செத்த செய்தி வராமலே அப்பாவுக்கும் அம்மாவுக்கும் படைக்க ஆரம்பித்தது, அவர்கள் இனி இருக்க மாட்டார்கள் என்று வயதைக் கணக்குப் போட்ட பிறகுதான். தம்பியின் இலை முதலாம் வருடமே போட்டது. "மூணாவது எல யாருக்கு மாமி?" என்று மருமகள் சுபாஜினி ஒருமுறை கேட்டாள். "சாமிக்கு," என்று சொல்லிவிட்டாள்.

அதனால் சுபாஜினிக்கு வந்தவரைப் பார்த்ததில் சந்தோசம் மட்டும்தான். கொழுந்து எடுத்துவிட்டு மலையிலிருந்து வந்தவள் இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்து, காலில் ஒட்டியிருந்த அட்டையை உப்பு வைத்து எடுத்துக்கொண்டே பேசினாள்.

"சித்தப்பா, பாஸ்போட்ட காட்டுங்க பாப்பம். நான் இந்தியா பாஸ்போட்டு பாத்ததே இல்ல."

அவர் கொடுத்தார். அவள் விளக்கைப் போட்டுவிட்டு எழுத்துக்கூட்டி வாசித்தாள். பெயர் கந்தப்பன். பிறந்த இடம் பதுளை. கடைசிப் பக்கத்தில் தகப்பன் பெயர் முத்தையா, தாய் பெயர் வீராயி. விமான நிலையத்தில் குத்திய முத்திரையில் முப்பது நாள்.

"எயார்போட்ல பொறந்த எடத்தப் பாத்துட்டு அந்தத் தம்பி சிங்களத்துல என்னமோ கேட்டுச்சு," என்றார் அவர். "முழிச்சேன். இங்க பொறந்துட்டு சிங்களம் தெரியாதான்னு தமிழ்ல கேட்டுச்சு. சின்ன வயசுல போயிட்டேன்னு சொன்னேன்."

"அங்க ஒங்கள என்னான்னு சொல்லுவாங்க?"

"சிலோன்காரன்னு."

"இங்க நம்மள இந்தியாக்காரன்னுவாங்க. கப்பல் நடுவுல நின்டிருந்தா அங்கயே ஆளுக்கொரு காம்பரா கட்டியிருக்கலாம்."

அவர் சிரித்தார். இராக்கம்மா சிரிக்கவில்லை. ரொட்டியும் கட்டச்சம்பலும் வைத்தாள். உள்ளங்கையில் சீனி போட்டுச் சாயத்தண்ணி கொடுத்தாள். அவர் சீனியை நக்கிக்கொண்டு ஒவ்வொரு மிடறாகக் குடித்தார். தம்பி அப்படித்தான் குடிப்பான். ஆனால் எல்லாரும் அப்படித்தான் குடிப்பார்கள் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பும்போது சுபாஜினி கேட்டாள்.

"மாமி, ராத்திரி வாசல்ல என்னமோ குதிக்கிறாப்ல சத்தம் கேட்டிச்சே. பூனையா?"

"பூனையா இருக்கும்."

அந்த லயத்தில் பூனை இல்லை.

*

அவர் விறகு பிளந்தார். கோழிக்கூட்டுக் கதவைச் சரிசெய்தார். தன் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அங்கேயும் தேயிலைத் தோட்டம்தான். அப்பா போய்விட்டார், பின்னால் அம்மாவும். பெண்டாட்டி இரண்டு வருடத்துக்கு முன்னால். பிள்ளைகள் இல்லை. வேலையில் இருந்து ஓய்வானால் தோட்டத்து வீட்டை விட்டுவிட வேண்டும். விட்டுவிட்டார்.

"அப்ப இங்கயே இருந்துருங்க," என்றாள் சுபாஜினி. சுவர்க் கலண்டரில் விசா முடியும் நாளைச் சுற்றி ஏற்கெனவே வட்டம் போட்டிருந்தாள். தை அமாவாசைக்கு மறுநாள். "முப்பது நாளு என்னா, மூணு வருசம் இருங்க. கேட்டுப் பாப்பம்."

பதுளை டவுனில் மர்லியா போட்டோக்கொப்பிக் கடை வைத்திருந்தாள். தோட்டத்து ஆட்களுக்கு போர்ம் நிரப்பிக் கொடுப்பவள். மூன்று பேரும் போனார்கள். கடைக்கு வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மர்லியா பாஸ்போட்டைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"ஐயா பொறந்தது பதுளை எண்டு போட்டிரிக்கி. அப்ப முந்தி இந்த நாட்டுப் பிரசையா?"

"இல்லம்மா."

"அப்ப இந்தியப் பிரசை."

"அப்பவும் இல்ல. போகும்போதுதான் அதக் குடுத்தாங்க."

"பொறந்ததுல இரிந்து எட்டு வயசு மட்டும் எந்த நாடு?"

"எந்த நாடும் இல்லம்மா."

மர்லியா திரையைப் பார்த்தாள். "அதுக்கு இந்த போர்ம்ல கட்டம் இல்லையே ஐயா."

சுபாஜினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மர்லியா விளக்கினாள். முன்னால் இந்த நாட்டுப் பிரசையாக இருந்தவர்களுக்கு வதிவிட விசா கேட்க ஒரு வழி இருக்கிறது, இவருக்கு அது பொருந்தாது. கூடப் பிறந்தவர் ஒருவர் இங்கே இருந்து பொறுப்பெடுத்தால் கேட்டுப் பார்க்கலாம்.

"அம்மாதான் கூடப்பொறந்தவங்க? அம்மா சமாதான நீதவான் ஜேபிக்கிட்ட போய் ஒரு சத்தியக்கடதாசி முடிக்கணும். இவர் என்ட தாய் வயித்துல பொறந்த தம்பி எண்டு. தருவாங்க எண்டு நான் செல்ல மாட்டன். ஆனா விசா முடிய முந்தி கொழும்புல குடுத்துரணும். ஒரு நாள் பிந்தினாலும் மொதல்ல நாட்ட விட்டு வெளிய போங்க எண்டுருவாங்க."

மாவட்ட அலுவலகமான கச்சேரியில் எடுத்த பிறப்புச் சான்றிதழ் ஒரு கிழமையில் கைக்கு வந்தது. அதில் கந்தப்பன் பிறந்திருந்தான். செத்திருக்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் செத்தவனை இந்தப் பக்கத்துப் புத்தகத்தில் யார் பதிவது. இராக்கம்மா அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். அரசாங்கத்துப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் தம்பி உயிரோடுதான் இருக்கிறான். அவன் செத்தது உலகத்தில் அவள் ஒருத்தியிடம் மட்டும்தான் இருக்கிறது.

*

அமாவாசைக்கு நாலு நாள் இருக்கும்போது அவள் அவரை விறகு பொறுக்க மலைக்குக் கூட்டிப்போனாள். பகல் பதினொரு மணி. ஆனாலும் மூடுபனியில் நாலு தேயிலை நிரைக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. எங்கிருந்தோ கொழுந்து எடுக்கும் பெண்களின் பேச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது.

"ஒன் கால்ல வெந்த தழும்பு எங்க?" என்றாள் இராக்கம்மா.

அவர் விறகுக்கட்டைக் கீழே வைத்தார்.

"மொத நாளே பாத்தீங்களாக்கா?"

"பாத்தேன்."

"அப்ப ஏன் சோறு போட்டீங்க?"

"போளை டப்பியத் தேடுனியே."

அவர் அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்தார்.

"நான் தெமோதரைப் பக்கம். அம்மா அப்பா இல்ல. மாமாகூட வந்தேன். மண்டபம் கேம்ப்ல எங்க பாய்க்குப் பக்கத்துப் பாய்தான் ஒங்க வீட்டு ஆளுங்களுது. மூணாம் நாளு மாமா கடைக்குப் போறேன்னு போனாரு. வரவே இல்ல. எங்க குடும்பக் கார்டும் அவர்கிட்ட. எனக்கும் ஒங்க தம்பிக்கும் ஒண்ணாத்தான் காய்ச்ச வந்துச்சு. ஒரே போர்வ. அவன் தூங்க மாட்டான். பேசிக்கிட்டே இருப்பான். வாசல்ல கான் இருக்குடா, பாத்துத் தாண்டு, விழுந்தா அக்கா ஏசும்பான். பீலிக்குப் பின்னாடி போளை இருக்கு, எடுக்காம வந்துட்டேன்னு அழுவான். கோயிலு, மடுவம், குறுக்குப்பாத, எல்லாம் சொன்னான். ஆறாம் நாளு காலையில அவன் பேசல."

பெண்களின் பேச்சு நின்றிருந்தது. கீழே ஓடையின் சத்தம் கேட்டது.

"எந்தப் பய செத்ததுன்னு ஆபீசர் வந்து கேட்டாரு. ஒங்க அம்மா அதுக்கு முன்னாடியே என்னையத் தூக்கி மடியில வச்சிக்கிச்சு. கார்டுல மூணு பேரு. மூணு பேருக்குத்தான் வேலையும் வீடும் எழுதியிருந்தாங்க. எனக்குன்னா கார்டே இல்ல. அப்பா என்னையப் பாத்தாரு, அவனப் பாத்தாரு. கூட வந்த அனாதப் பய சார், பேரு கதிரான், அப்படின்னு சொன்னாரு. அதுதான் என் பேரு. என் பேர்லதான் அவனப் பொதச்சாங்க."

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்ற அந்த வரி ஐம்பது வருடத்துக்குப் பிறகு இராக்கம்மாவுக்கு விளங்கியது. அவள் அழவில்லை. தேயிலைச் செடி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இத ஏன் வந்த அன்னைக்கே சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். பேர ஒங்ககிட்ட ஒப்படைச்சிட்டுப் போயிரலாம்னு." அவர் குரல் தாழ்ந்தது. "அவன் பேசுறது நிக்கலக்கா. பொதச்சப்புறமும் நிக்கல. ஐம்பது வருசமா, கண்ண மூடுனா பக்கத்துப் பாய்ல பேசிக்கிட்டேதான் இருந்தான். என் பொண்டாட்டிக்கே தெரியும். இங்க வந்து பஸ்ஸ விட்டு எறங்குனேன். சத்தம் நின்னிருச்சு. அன்னைக்கி வாசல்ல கானத் தாண்டுனது நான் இல்லக்கா. எனக்கு முட்டி வலி. என்னால குதிக்க முடியாது. ஒரு பாஸ்போட்டுல ரெண்டு பேரு வந்திருக்கோம்."

"இப்ப அவன் எங்க?"

அவர் கீழே லயத்துப் பக்கம் கையைக் காட்டினார். மூடுபனியில் தகரக் கூரைகூடத் தெரியவில்லை.

"நீ திரும்பிப் போனா?"

"கூட வந்துருவான்னு நெனைக்கிறேன். வந்த மாதிரிதான போகணும்."

இராக்கம்மா விறகைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். லயத்து வாசலுக்கு வந்ததும், இருபது வருடமாக மிதித்து நடந்த அந்தச் சிமெண்டுத் தரையில் காலை வைக்கத் தயங்கி, எட்டி வைத்து வீட்டுக்குள் போனாள்.

*

தை அமாவாசை அந்த வருடம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஜேபி செல்வரத்தினம் ஐயா கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வானவர். யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்து பதுளையிலேயே தங்கிவிட்டவர். ஞாயிறு காலை வீட்டு விறாந்தையில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்.

"இருங்கோ அம்மா. இது சத்தியக்கடதாசி. நான் வாசிப்பன். விளங்காட்டிக் கேளுங்கோ."

மர்லியா அடித்துக் கொடுத்த தாளை அவர் நிதானமாக வாசித்தார். மேற்படி கந்தப்பன் என்பவர் எனது தாய் தந்தையரான முத்தையா, வீராயி ஆகியோருக்குப் பிறந்த எனது சொந்தச் சகோதரர் ஆவார் என்றும், அவர் இன்றுவரை உயிருடன் உள்ளார் என்றும்.

"அந்தக் கடைசி வரியும் இருக்காங்க?" என்றாள் இராக்கம்மா.

"ஓம். ஏன், பிழையோ?"

"இல்லீங்க."

"பொய் சொன்னால் குற்றம். அதைச் சொல்ல வேண்டியது என்ர கடமை. உங்கட சொந்தத் தம்பிதானே?"

கந்தப்பன் விறாந்தையின் ஓரத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார். அவர் அவளைப் பார்க்கவில்லை. முற்றத்தில் சொட்டிக்கொண்டிருந்த பீலித்தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். தம்பிக்கு அவனுடைய சாவு திரும்பக் கிடைத்துவிடும். இந்த மனிதர் நாளைக்கு வீடு இல்லாத ஊருக்கு விமானம் ஏறுவார். பக்கத்துப் பாயில் ஒரு பையன் பேசிக்கொண்டே போவான்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்கோ."

"இதுல கைநாட்டு வச்சா, அந்தப் பேரச் சொல்லிப் படைக்கக் கூடாதுங்களே?"

செல்வரத்தினம் ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உயிரோட இருக்கிற ஆளுக்கு ஏன் அம்மா படைக்கப் போறியள்?"

"சும்மாதாங்க கேட்டேன்."

"படைக்கக் கூடாது. அது அவருக்குக் கூடாது."

"சரிங்க. மையக் குடுங்க."

அவள் பெருவிரலை அழுத்தி வைத்தாள். ஐயா முத்திரை குத்தினார். கந்தப்பன் திரும்பி நின்று மப்ளரால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

*

பின்னேரம் மூன்று மணிக்குப் படைத்தாள். அவர் மாலை பஸ்ஸில் கொழும்புக்குப் போக வேண்டும். தினேஸ் கோட்டை பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்பதாகப் போன் பண்ணியிருந்தான். திங்கள் காலை கடதாசியைக் கொடுத்துவிட வேண்டும். சுபாஜினி அவருடைய சட்டையை அடுப்புச் சூட்டில் காயவைத்துக் கொடுத்தாள். அவர் உள்காம்பராவில் மாற்றிக்கொண்டிருந்தார்.

வாசலுக்கு உட்புறமாக மூன்று இலை. சோறு, பருப்பு, கருவாட்டுக்குப் பதிலாகக் கத்தரிக்காய், ஒரு ரொட்டி. மூன்றாவது இலையின் ஓரத்தில் இராக்கம்மா துருப்பிடித்த தகர டப்பி ஒன்றை வைத்தாள்.

"அது என்னா மாமி?"

"போளை."

"சாமிக்குப் போளையா?"

இராக்கம்மா சூடம் கொளுத்தினாள். அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அம்மாவைக் கூப்பிட்டாள். மூன்றாவது இலைக்கு முன்னால் வந்ததும் வாய் நின்றது. ஐம்பது வருடமாக மனதுக்குள் கூப்பிட்ட பெயரை இப்போது கூப்பிட முடியாது. அந்தப் பெயருக்கு முத்திரை குத்தியாகிவிட்டது. அந்தப் பெயர் உள்ளே சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கிறது. பையனை எந்தப் பெயரில் புதைத்தார்களோ அந்தப் பெயர்தான் மிச்சம் இருந்தது.

அவள் வெளியே மூடுபனியைப் பார்த்தாள்.

"கதிரான்," என்று கூப்பிட்டாள். முதல்முறை சத்தம் எழும்பவில்லை. பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடும் குரலில் இன்னொரு முறை கூப்பிட்டாள். "டேய் கதிரான், வந்து சாப்புடு."

"இந்தா வாறேன்," என்றது உள்காம்பராவில் இருந்து ஒரு குரல். அவர் பொத்தானைப் போட்டபடியே கதவுக்கு வந்துவிட்டார். வந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அந்தப் பெயரில் அவரை யாரும் கூப்பிட்டு ஐம்பது வருடமாகியிருந்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அதே நேரம் வெளியே சிமெண்டுத் தரையில் சின்னக் கால்கள் ஓடிவருவது கேட்டது. ஒரு நொடி ஓட்டம் நின்றது. பிறகு எதையோ தாண்டிக் குதித்து இந்தப் பக்கம் விழுந்த சத்தம். சூடத்தின் சுடர் உள்பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. டப்பிக்குள் போளை ஒன்று உருண்டு தகரத்தில் முட்டியது.

"திரும்ப அந்தப் பூன," என்றாள் சுபாஜினி, விளக்குமாற்றைத் தேடிக்கொண்டு. "எலயில வாய வச்சிரும். வெரட்டிட்டு வாறேன்."

"வெரட்டாதடி," என்றாள் இராக்கம்மா. "அதுக்கும் சேத்துத்தான் கைநாட்டு வச்சிருக்கேன்."